மூன்று ஷிப்ட், மூன்று வேளை

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று பொன்னேரியில் இருந்த அவருடைய கிளினிக்குக்குப் போயிருந்தேன். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். உதவிக்கு நின்ற பெண்ணை ஏதோ எடுத்துவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அடிக்கடி வாந்தி வருதா தம்பி? இல்ல, நீங்களே எடுக்கறீங்களா?"

வயிற்றிலிருந்து மேலேறி வரும் அமிலம் மேல் முன்பற்களின் உள்பக்கத்தைத்தான் முதலில் அரிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல வருஷமாக வீட்டுக்கும் ஆலைக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்ததை அவர் பல்லிலிருந்தே தெரிந்துகொண்டுவிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "பல்லை நான் அடைச்சு அனுப்பிடலாம். ஆனா இதுக்கு மூலம் பல்லுல இல்ல. ஈட்டிங் டிஸார்டர் பாக்கற டாக்டர்கிட்ட போங்க. அதுக்கு முன்னாடி நாளைக்கே ரத்தத்துல பொட்டாசியம் பாத்துடுங்க" என்றார்.

"அது பொம்பளைப் பிள்ளைங்களுக்கு வர்றதுதானே சார்?"

"ஆம்பளைங்களுக்கும் வருது. வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கி, பில்லெட்டாக வார்த்து, ரோலிங் மில்லில் கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலை. அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவை பல உண்டு. உருகிய இரும்பு 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். ஒரு தடவை உருக்கும் இரும்பை ஹீட் என்போம். ஒவ்வொரு ஹீட்டுக்கும் மாதிரி எடுத்து, கார்பன், மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட். 2 முதல் இரவு 10 வரை பி. 10 முதல் காலை 6 வரை சி. வாரம் மாறினால் ஷிப்டும் மாறும்.

சாப்பிடாமல் இருப்பதை மறைக்க ஷிப்ட் வேலையைப் போல வசதியானது வேறில்லை. வீட்டில் கேட்டால் கேன்டீனில் சாப்பிட்டேன் என்பேன். கேன்டீனில் கேட்டால் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தேன் என்பேன். யாருக்கும் கணக்கு பிடிபடாது. பகலெல்லாம் வயிற்றைக் காயப் போட்டுவிட்டு, சி ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வந்ததும் ஜி.என்.டி. ரோட்டுக் கடைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறுவேன். பூரி, போண்டா, முந்தின இரவு மிஞ்சிய பரோட்டா. ருசி தெரியாது, நிறுத்தவும் தெரியாது. வயிறு வலிக்கிறவரை போகும். அதற்குப் பிறகு நடப்பது தனிமையில் நடக்கும். அன்றைக்கே மறுபடி பட்டினிச் சபதம்.

எவ்வளவு எடை குறைந்தது, எவ்வளவு சாப்பிட்டேன், எப்படி வெளியேற்றினேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இந்த நோய் உள்ள ஒருவர் இதை வாசிக்கக்கூடும். வாசித்தால் என் எண்ணைத் தன் எண்ணோடு ஒப்பிடுவார், என் வழியைத் தன் வழியாக்கிக்கொள்வார். அந்த வேலைக்கு என் கட்டுரை உதவக் கூடாது.

தொடக்கம் சாதாரணமானது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "பையன் கொஞ்சம் பூசினாப்பல இருக்காரு" என்று உள்ளறையில் சொன்னது காதில் விழுந்தது. இரவுச் சாப்பாட்டை விட்டேன். சட்டை தளர்ந்தது. ஆலையில் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு பெண் இப்படி மெலிந்திருந்தால் யாராவது ஒருவராவது கவலையோடு கேட்டிருப்பார்கள். ஆண் மெலிந்தால் அதை ஒழுக்கம் என்கிறார்கள். ஜிம்முக்குப் போகிறான், வாயைக் கட்டுகிறான், திடமானவன் என்கிறார்கள். அந்தப் புகழ்ச்சிதான் என்னை மேலும் மேலும் உள்ளே தள்ளியது.

விரதங்கள் எனக்கு நல்ல மறைப்பாயின. புரட்டாசி சனிக்கிழமை, கிருத்திகை, ஐயப்பனுக்கு மாலை. விரதம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தட்டை முன்னே தள்ள மாட்டார்கள். விரதத்தின் மேல் எனக்கு இன்றும் குறையில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போட்டு, கோவிந்தா சொல்லி, வடையும் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலுமாக அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் அந்த விரதம் முடியும். என் பட்டினிக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. சேர்ந்து உண்ணும் அந்தக் கடைசிப் பாதியை நோய் வெட்டி எறிந்துவிட்டு முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது.

இடையில் டாக்டர்களிடம் போகாமல் இல்லை. வயிற்று எரிச்சலுக்கு அல்சர் என்று மாத்திரை கிடைத்தது. ஒரு கோடையில் ஃபர்னஸ் மேடையில் கண் இருட்டிச் சாய்ந்தேன். ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர் தோளைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போய் உப்புத் தண்ணீர் கொடுத்தார். வெயில், தூக்கமின்மை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாந்தியால் உடம்பு பொட்டாசியத்தை இழக்கும். பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும், இதயத்தின் துடிப்பு தாளம் தப்பும். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் வியர்ப்பவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பல் டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்த அளவு தாழ்ந்திருந்தது. அன்றே ஈ.சி.ஜி. எடுத்து, சேர்த்துக்கொண்டு, அதைச் சரிசெய்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் என்று உடம்பைப் பார்த்தவர்கள் யாரும், "சாப்பாட்டோட உங்களுக்கு என்ன தகராறு?" என்று கேட்கவில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் பக்கம், உண்ணும் கோளாறுகளுக்கென்றே சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் ஒருவரைத் தனியாரில் கண்டுபிடித்துக் கொடுத்தது என் மனைவி. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று கடந்து சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ். அதற்கு முன்பே பொதுவான கவுன்சலிங் பார்த்திருந்தேன். அந்தக் கவுன்சலர் அன்பானவர்தான். மனசைத் திடப்படுத்துங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், கட்டுப்பாட்டோடு இருங்கள் என்றார். என்னிடம் கட்டுப்பாடு ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி இருந்தது. இந்த நோயை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாடு கீழ்ப்பாக்கத்தில் முதல் நாளே தெரிந்தது.

உளவியலாளர் மேடம் என் குழந்தைப் பருவத்தைக் கேட்கவில்லை. "இன்னிக்கு எழுந்ததுலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, எங்க உக்காந்து, யாரோட?" என்று கேட்டார். கேட்டதைக் குறித்துக்கொண்டார். முகத்தில் வியப்போ அருவருப்போ இல்லை. தன்னோடு ஒரு மனநல மருத்துவர், பொது மருத்துவர், டயட்டீஷியன் சேர்ந்து வேலை செய்வதாகவும், ரத்தப் பரிசோதனை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால்தான் தெரபி நடக்கும் என்றும் சொன்னார். மனநல மருத்துவர் ஃப்ளூவாக்ஸ்டின் எழுதிக் கொடுத்தார். அடங்காமல் தின்று வெளியேற்றும் என் நோய்க்குப் புலிமியா என்று பெயர். அதற்குப் பயன்படும் என்று நிரூபணமான மருந்து அது. "மாத்திரை கை கொடுக்கும். ஆனா வேலை நாமதான் செய்யணும்" என்றார் மேடம்.

என் வெட்கத்தின் பெரும்பகுதி, ஆம்பளைக்கு இது எப்படி வந்தது என்பதில் இருந்தது. அவர் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை, வரலாறு சொன்னார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் 1689இல் வெளியிட்ட நூலில், வேறு நோய் எதுவும் இல்லாமல் உண்ண மறுத்து மெலிந்த இருவரை விவரிக்கிறார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். மற்றவன் பதினாறு வயதுப் பையன். புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டு 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையில் முப்பது நோயாளிகள். அவர்களில் இருவர் ஆண்கள். தொடக்கத்திலிருந்தே நாங்கள் அந்த ஏடுகளில் இருக்கிறோம். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில், உண்ண மறுத்து மெலியும் அனோரெக்சியா என்று சொல்ல வேண்டுமென்றால் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2013இல்தான் அதை நீக்கினார்கள். ஆணுக்குப் பொருந்தவே முடியாத நிபந்தனையை வைத்துப் படித்த மருத்துவர்களுக்கு, எதிரே உட்காரும் ஆணிடம் கேட்கத் தோன்றாததில் வியப்பில்லை. 2007இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வின்படி, வாழ்நாளில் புலிமியா வந்தவர்கள் பெண்களில் 1.5 சதவீதம், ஆண்களில் 0.5 சதவீதம். நான்கில் ஒருவர் ஆண்.

"அது அவங்க ஊரு மேடம். நம்ம பக்கம்?" என்றேன். சென்னையில் டி.என். ஸ்ரீனிவாசன், டி.ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னார். 210 மருத்துவ மாணவர்களில் 31 பேருக்கு, முழு நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாத, ஆனால் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய ஓயாத வேதனை இருந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த குழந்தைகளிடமும் இளையோரிடமும் அனோரெக்சியாவைவிட மனக்காரணத்தால் வரும் வாந்தியே மிகுதியாக இருந்தது. நம் பக்கத்தில் இந்த நோய் வயிற்றுக் கோளாறாகத்தான் டாக்டர் முன் வந்து உட்காருகிறது. அல்சர் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய என் வருஷங்கள் அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்தன.

சிகிச்சையின் பெயர் சி.பி.டி.-ஈ., உண்ணும் கோளாறுகளுக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய முறை. உடல் எடை ஆபத்தான அளவுக்கு இறங்காதவர்களுக்கு வழக்கமாக இருபது வாரம், முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு செஷன் என்பது அதன் அமைப்பு. ஷிப்டும் ரயிலும் குறுக்கிட்டதால் என்னுடையது நீண்டது.

முதல் வேலை எழுதுவது. சாப்பிட்ட உடனே, அங்கேயே, என்ன, எப்போது, எங்கே, அப்போது மனசில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் பயனில்லை என்றார். ஹீட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய எனக்கு இது கைவந்தது. ஆய்வகத்தில் மாதிரியை எடுத்த அடுத்த நிமிஷம் பதிவு செய்யாவிட்டால் அந்த ஹீட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதே கண்டிப்பை என் தட்டின் மேல் வைத்தேன். சில வாரத்தில் தாளிலேயே வடிவம் தெரிந்தது. அடங்காமல் தின்ற ஒவ்வொரு காலைக்கும் முன்னால் வெறும் வயிற்றோடு கழிந்த நீண்ட மணி நேரங்கள் இருந்தன. என் சபலம் என்று நான் நினைத்திருந்தது, பட்டினி போட்ட உடம்பு தன் பாக்கியை வசூலித்த வேலை.

இரண்டாவது வேலை, ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசிக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கூடாது, ஏனென்றால் என் பசி அப்போது நம்பத்தக்கதாக இல்லை. புத்தகத்தில் இருப்பது காலை, மதியம், இரவு. எனக்குக் காலை என்பது எது? சி ஷிப்ட் வாரத்தில் நான் எழுவது பகல் இரண்டு மணிக்கு. மேடம் அதற்கு முன் ஷிப்ட் தொழிலாளி யாரையும் பார்த்ததில்லையாம். இருவரும் உட்கார்ந்து மூன்று ஷிப்டுக்கும் மூன்று தாள் தயாரித்தோம். கடிகாரத்தை விட்டுவிட்டு, எழுந்த நேரத்தைத் தொடக்கமாக வைத்தோம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு. சி ஷிப்டில் கிளம்புமுன் முழுச் சாப்பாடு. நடுநிசிக்குப் பிறகு கேன்டீனில் டீயும் பன்னும் வாழைப்பழமும். மூன்று மணி வாக்கில் டப்பாவில் கொண்டுபோன தயிர் சாதம். ஷிப்ட் முடியும் முன்பே, ஆலைக்குள்ளேயே, கடலை மிட்டாயோ சுண்டலோ. அந்தக் கடைசி ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. வயிற்றில் ஏதாவது இருக்கும்போது ரோட்டுக் கடைகளைக் கடந்து வீட்டுக்கு வந்துவிட முடிந்தது.

எளிதாகச் சொல்லிவிட்டேன்; செய்வது எளிதல்ல. ஒரு கிண்ணம் தயிர் சாதத்தின் முன் கை நடுங்கியிருக்கிறது. வயிறு உப்பி, குண்டாகிக்கொண்டே போகிறேன் என்ற அச்சம் நெஞ்சை அடைக்கும். அதற்கும் முறை இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, செஷனில் மட்டும் எடை பார்ப்பது. வீட்டுத் தராசை மனைவி தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பார்த்த எடையை ஒரு வரைபடத்தில் குறித்து, ஒரு வாரத்து ஏற்றத்தையோ இறக்கத்தையோ வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது, பல வாரத்துக் கோட்டைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டும் அந்தக் கோடு நான் பயந்த மாதிரி மேலே பாயவில்லை. என் நோய் சொன்னது பொய் என்று எனக்கு முதலில் நிரூபித்தது அந்தத் தாள்.

ஒரு செஷனில் மின்னசோட்டா பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944 நவம்பர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, பஞ்சத்தில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிய ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் கொடுக்காதென்று போரை மறுத்தவர்களில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. அதைவிட மனசில் நடந்ததுதான் பெரிது. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். மறுபடி உணவு கொடுக்கத் தொடங்கியபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. வயிறு நிறைந்த பிறகும் பசித்தது.

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஷிப்ட் நடுவில் செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த நான், ஓர் இட்லியை அணு அணுவாகப் பிய்த்த நான், பிள்ளைகளிடம் காரணமின்றிச் சீறிய நான், அத்தனை நானும் அந்த 36 பேரிடம் இருந்தேன். அவர்களில் யாரும் உடம்பு இளைக்க ஆசைப்பட்டவர்கள் அல்ல, பலவீனமான மனசுக்காரர்களும் அல்ல. பட்டினி யாரை ஆட்கொண்டாலும் இதைத்தான் செய்யும். என் குணம் கெட்டுவிட்டது என்று பல வருஷமாக நம்பியிருந்தவனுக்கு, 1944இல் தொடங்கிய அந்தச் சோதனை தந்த விடுதலையை வேறு எந்த உபதேசமும் தந்ததில்லை.

சாப்பாடு ஓரளவு சீரான பிறகே மற்ற பேச்சு வந்தது. ஒரு வட்டம் வரையச் சொல்லி, என்னை நான் மதிப்பதற்கு எவையெல்லாம் காரணம் என்று பங்கு பிரிக்கச் சொன்னார். தகப்பன், கணவன், மகன், தொழில், நண்பர்கள், கிரிக்கெட். எழுதிப் பார்த்தால் முக்கால் வட்டத்தை உடம்பு எடுத்துக்கொண்டிருந்தது. "இந்தப் பங்கை நாம வெட்ட வேணாம். மத்ததைப் பெருசாக்குவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு மறுபடி போனேன். கண்ணாடி முன் நிற்கும் வழக்கத்தையும், பெல்ட் துளையை எண்ணும் வழக்கத்தையும் எழுதி வைத்துக் குறைத்தோம். தின்னவே கூடாது என்று நான் விலக்கிய பண்டங்களின் பட்டியலை எடுத்து, குறைவாக அஞ்சுபவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, திட்டமிட்ட வேளையில், உட்கார்ந்து சாப்பிட்டேன். பிரியாணி கடைசியில் வந்தது.

நான் திருவள்ளூர்க்காரன். வீரராகவப் பெருமாள் கோயில் தலபுராணத்தைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவன். சாலிஹோத்ர முனிவர் ஒரு வருஷம் உண்ணாமல் தவம் இருந்து, கிடைத்த அரிசியை மாவாக்கி, விருந்தாளி வரட்டும் என்று காத்திருப்பார். கிழவராக வந்த பெருமாள் தன் பங்கைத் தின்றுவிட்டு, முனிவரின் பங்கையும் கேட்டு வாங்கித் தின்றுவிடுவார். முனிவர் மறுபடி ஒரு வருஷம் உண்ணாதிருப்பார். நோய் முற்றியிருந்த காலத்தில் அந்த முனிவரைத்தான் எனக்கு முன்மாதிரியாக நினைத்திருந்தேன். இதை மேடத்திடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "அவர் மாவு பண்ணிட்டு ஏன் உடனே சாப்பிடல? ஒருத்தர் வந்து கூட சாப்பிடணும்னு. நீங்க கடைசியா யாரோட உக்காந்து சாப்பிட்டீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரத்துப் பயிற்சி அதுதான்: கேன்டீனில், பெஞ்சில், மற்றவர்களோடு. ஃபர்னஸ் ஆட்கள் தட்டு நிறையச் சோறும் சாம்பாரும் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிச் சாப்பிடுவதன் நடுவில் உட்கார்ந்தேன். யாரும் என் தட்டைப் பார்க்கவில்லை.

வீட்டாரையும் ஒரு செஷனுக்கு அழைத்தார். அம்மா அதுவரை பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். தை அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்திருந்தாள். நோய் தீர அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். மேடம் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க இவருக்காகத் தவிக்கிறது தெரியுது மா. இனிமே இவர் தட்டைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் யாரும் பேசாம இருந்தா போதும். நல்லா இளைச்சிட்டேன்னும் வேணாம், தேறிட்டேன்னும் வேணாம். கூட உக்காந்து சாப்பிடுங்க." அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ட்டியா, சாப்ட்டியான்னு நான் கேக்கறப்பல்லாம் இவனுக்கு முள்ளா குத்தியிருக்கு. கேக்கல மா. நானும் இவன் வேளைக்கே சாப்புட்டுக்கறேன்" என்றாள். சி ஷிப்ட் வாரத்தில் பகல் மூன்று மணிக்கு எனக்கு எதிரே தட்டு வைத்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மின்சார ரயில்கள் நின்றன. அதே மாதம் 25ஆம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. என் செஷன்கள் செல்போனுக்கு மாறின. வீட்டில் தனியறை இல்லாததால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசினேன். அந்த மாதங்களில் சறுக்கினேன். மேடம் அதற்காகவே முன்கூட்டி ஒரு தாள் எழுத வைத்திருந்தார்: சறுக்கல் வேறு, பழைய இடத்துக்கே திரும்புவது வேறு, சறுக்கினால் அடுத்த வேளையைத் தள்ளாமல் சாப்பிடு. அதன்படி செய்தேன். போகப் போக நீண்ட காலம் எதுவும் நடக்கவில்லை. பல்லின் தேய்மானம் மட்டும் சரியாகவில்லை, அது இருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு செஷன் ஃபீஸ் என் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். மனைவி நகையை அடகு வைத்தாள். என் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியிருந்ததால் இ.எஸ்.ஐ. எனக்கு இல்லை. கம்பெனி கொடுத்த காப்பீடு படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வந்து பேசிவிட்டுப் போகும் சிகிச்சைக்குத் தராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு இருப்பதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. பொட்டாசியம் இறங்கி நான் ஆஸ்பத்திரியில் படுத்த செலவைக் காப்பீடு ஏற்றது. அந்த நிலைக்கு இனி வராமல் காத்த சிகிச்சையை ஏற்கவில்லை. எனக்காவது அடகு வைக்க நகை இருந்தது.

சில வருஷம் கழித்து, எங்கள் ஆலையில் சேர்ந்த ஓர் இளைஞன் கேன்டீனில் தட்டைத் தொடாமல், டப்பாவில் கொண்டுவந்த அவித்த முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிடுவதைக் கவனித்தேன். ஷிப்ட் முடிந்ததும் ஜிம். ஜுரத்திலும் ஜிம். தோள் அகன்றிருந்தது, ஆனாலும் தான் ஒல்லியாக இருப்பதாகச் சட்டை மேல் சட்டை போட்டு மறைத்தான். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைத் தொண்ணூறுகளில் விவரித்து எழுதியிருக்கிறார்: மெலியத் துடிக்கும் நோய்க்குத் தலைகீழாக, பெருக்கத் துடிக்கும் நோய். கல்யாணங்களுக்குப் போவதில்லை, அங்கே சாப்பிட வேண்டியிருக்கும் என்று அவனே ஒருநாள் சொன்னான். நான் என் கதையைச் சொன்னேன். "அண்ணா, உங்களுக்கா?" என்றான். பிறகு வெகுநேரம் பேசினான். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணைக் கொடுத்தேன். பணம் கட்டாமல், தமிழில், எந்த நேரமும் பேசலாம். அங்கிருந்து அவனை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஆனால் இந்த நோய்க்கென்று பயின்றவர் யாரும் அவன் கைக்கெட்டும் தூரத்தில், அவன் கையிலிருக்கும் பணத்துக்கு இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. ஆலைகளில் வருஷா வருஷம் கண், காது, நுரையீரல் பார்க்கிறார்கள். உண்ணும் கோளாறைச் சந்தேகிக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஸ்காஃப் என்ற பட்டியல் 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. கேட்டு முடிக்க இரண்டு நிமிஷம் போதும். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாரிடமும் கேட்கலாம். 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர் அங்கே வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால், ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் செல்போனிலும் பேசினால், சிப்காட் முழுவதற்கும் அது ஒரு தொடக்கம்.

நான் தேறியது மன உறுதியால் அல்ல. மன உறுதி என்னிடம் இருந்த காலத்தில்தான் நோய் வளர்ந்தது. இந்த நோயைப் படித்து, பயின்று, பலரிடம் பார்த்த ஒருவர் வாரா வாரம் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார், அதனால் தேறினேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் விலை கொடுத்து வாங்கினேன். ஃபர்னஸ் மேடையில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது அவருடைய இ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டினால் கிடைக்க வேண்டும்.